கைரேகை டாக்டரும் மச்சானின் முதுகும்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு எங்கள் தெருவுக்குள் ஒரு கதவு வந்தது. குழாயடியில் பல் விளக்கிக்கொண்டு நின்ற நான் முதலில் பார்த்தது அதைத்தான். பச்சை வர்ணம் அடித்த ஒற்றைக் கதவு, தாழ்ப்பாளோடு. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அதன் மேல் காக்கி உடுப்போடு ஒருவர் மல்லாந்து படுத்து, வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். கிட்டே வந்த பிறகுதான் அது என் மச்சான் என்று தெரிந்தது.

"ஒன்னுமில்லீங்க, ஒன்னுமில்லீங்க. நீங்க பல்லு வெளக்குங்க," என்றார் என்னைப் பார்த்து.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டைக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றின் டிரைவர். அக்காவும் அவரும் குடியிருந்தது கிணத்துக்கடவில். பஸ் ஷெட் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்ததால் அடிபட்டவரை மாமியார் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். ஐம்பதுகளின் கடைசி அது. நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உள்ளூர் நிருபராக இருந்தேன். எது நடந்தாலும் யார், எங்கே, எப்படி என்று கேட்டுப் பழகியிருந்ததால் கதவைக் கீழே வைப்பதற்குள் விவரத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

முதல் வண்டிக்கு ஒரு வியாபாரி கிணற்று மோட்டாருக்கான இரும்புக் குழாய்களைக் கொண்டு வந்திருக்கிறார். கூரைமேல் சாமான் கட்டுவது கிளீனர் வேலை. வியாபாரி டிரைவரிடம் வந்து, "ஏனுங்க, கிளீனரு கட்டுனா பொள்ளாச்சிக்குள்ள அவுந்துபோயிருங்க. உங்க கை பட்டாத்தானுங்க நிக்கும்," என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்ன பிறகு கொங்கு நாட்டில் ஒரு மனிதர் கீழேயே நிற்க முடியாது. மச்சான் ஏறினார். நன்றாகவே கட்டினார். கட்டியதைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம் என்று ஓரடி பின்னால் வைத்தார். பஸ்ஸின் கூரை அந்த இடத்தில் முடிந்திருந்தது.

அந்தக் கதவு ஷெட்டின் கக்கூஸ் கதவு என்பதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா எப்படியும் அதைப் பார்த்திருக்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குள் இருக்கும்வரை அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். அவர் எதிரில் வருவதோ நேராகப் பேசுவதோ கிடையாது. கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

"மாப்பிள்ளைங்களுக்கு ரொம்ப வலிக்குதான்னு கேளு சாமி," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

"வலியெல்லாம் இல்லீங்கன்னு அத்தைங்ககிட்டச் சொல்லுங்க," என்றார் மச்சான். முகம் வெள்ளைத் துணியைப் போல் வெளுத்திருந்தது.

இரண்டையும் இருவரும் தெளிவாகக் கேட்டார்கள். இருந்தாலும் நான் ஒரு தடவை சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியிலும் இந்த மரியாதைதான் தொல்லையாகப் போயிற்று. அங்கே இருந்த டாக்டர் சென்னைக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். முதுகில் விரலை வைத்து அழுத்தி, "வலிக்கிறதா?" என்றார்.

"உங்க புண்ணியத்துல பரவாயில்லீங்க."

"இங்கே?"

"இருக்கட்டுங்க."

"ஐயா, வலிக்கிறதா இல்லையா?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்பிடிச் செய்யுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வலிக்குதுங்க," என்றேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு ஒன்று முன்புறம் நசுங்கி விரிசல் விட்டிருந்தது. கால்களுக்கு உணர்ச்சி இருந்ததால் தப்பித்தார் என்று டாக்டர் சொன்னார். அக்குளிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு, மறுபடி முதுகில் அடிபட்டால் கால் விளங்காமல் போகலாம் என்று எச்சரித்து, கிணத்துக்கடவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

கிணத்துக்கடவில் அதுவரை யாரும் மாவுக்கட்டை அவ்வளவு பெரிய அளவில் பார்த்ததில்லை. நலம் விசாரிக்க வந்தவர்கள் நலத்தை விசாரித்துவிட்டு மாவுக்கட்டை விரலால் சுண்டிப் பார்த்தார்கள். தேங்காய் வாங்கிப் பழகிய ஊர். காதைக் கிட்டே வைத்துக் கேட்டவர்களும் உண்டு. உள்ளே அரிப்பெடுக்கும்போது சொரிய அக்கா ஒரு கட்டுத் தென்னை ஈர்க்கு சீவி வைத்திருந்தாள். ஓர் ஈர்க்கு உள்ளே போய் ஒடிந்துவிட்டது. கட்டைப் பிரித்தபோது அதுவும் வெளியே வந்தது. அந்த வெயில் காலம் முழுக்க முதுகெலும்பைவிட அந்த ஈர்க்கைப் பற்றித்தான் மச்சான் அதிகம் பேசினார்.

கட்டுப் பிரித்த பிறகு எழுந்து நடந்தார். ஆனால் குனிந்தால் நிமிர முடியவில்லை; நிமிர்ந்தால் ஒரு பக்கம் கொக்கி போட்டு இழுத்தது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது கூரையில் யாரோ இருப்பதுபோல் மேலே பார்ப்பார். வலிக்கிறதா என்று கேட்டால் பல்லி சத்தம் போட்டது என்பார்.

இதற்குள் பஸ் முதலாளி வந்து பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். அன்று தமிழிலேயே பேசினார்.

"டிரைவரே, சீட்டு உங்களுதுதானுங்க. நான் இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா வண்டி நெறைய உசுருங்க. நடுரோட்டுல உங்களுக்குப் புடிச்சுக்கிட்டா நான் ஆருக்குப் பதில் சொல்றது? தீபாவளிக்கு முந்தி ஒரு நாளைக்கு வாங்க. கோயமுத்தூருல இருந்து உடுமலைப்பேட்டை வண்டிய ஓட்டுங்க, கிணத்துக்கடவு வரைக்கும் நான் கூட உக்காந்து பாக்கறேன். முடியலீன்னாலும் ஒன்னுமில்லீங்க, ஷெட்டுல டைம்கீப்பர் வேலை இருக்குது."

அவர் போகிறவரை மச்சான் வாசலில் நின்று கும்பிட்டார். பிறகு, "டைம்கீப்பருன்னா விசிலு ஊதறதுங்க," என்றார்.

அந்தச் சீட்டு அவருக்கு என்ன என்பதைச் சொன்னால்தான் இது புரியும். ஈச்சனாரியில் அவர் வண்டி நின்றால் பிள்ளையார் கோயில் தேங்காய் மூடி வரும். ஒத்தக்கால்மண்டபத்தில் டீ ஜன்னலுக்கே வரும். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டு விலை என்ன என்று வழி நெடுக அவரிடம்தான் கேட்பார்கள். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பதும் அவரிடம். உடுமலைப்பேட்டைவரை அவருக்கு வணக்கம் சொல்லாத ஊர் இல்லை. அந்த ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்ப இடுப்பு முழுவதும் வேண்டும். இரும்பு போன்ற சக்கரம். விசில் ஊத வாய் போதும்.

இந்த இடத்தில் அம்மாவின் இடது கால் கதைக்குள் வருகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் காலால் உதைத்தால் முதுகுப் பிடிப்பும் சுளுக்கும் விட்டுவிடும். அம்மா அப்படிப் பிறந்தவள். காலை நேரத்தில் எங்கள் வாசலில் இரண்டு மூன்று பேராவது ஒருக்களித்து நிற்பார்கள். அம்மா கையில் இருக்கும் வேலையை நிறுத்த மாட்டாள். அரிசி களைந்த பாத்திரத்தோடு வருவாள். வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்பார். "தப்பா நெனச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு இடது காலால் மூன்று உதை விடுவாள். "திரும்பிப் பாக்காம போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். காசு வாங்க மாட்டாள். பாங்கு குமாஸ்தாக்கள், போலீஸ் ஏட்டு, ஒருமுறை எங்கள் பத்திரிகை ஆசிரியரே வந்து சுவரைப் பிடித்து நின்றார். பத்திரிகை ஆபீஸில் எனக்கு இருந்த செல்வாக்கில் பாதி அம்மாவின் காலால் வந்தது.

ஊரெல்லாம் அறிந்த அந்த வைத்தியம் மச்சானுக்கு நினைவு வராமல் இருக்குமா? அக்காவைத் தூது அனுப்பினார்.

"அம்மா, அவரு கேக்கறாரு. ஊருல போறவன் வாரவனையெல்லாம் ஒதைக்கறீங்களாம். சொந்த மாப்பிள்ளைய ஒதைக்கறதுக்கு என்னன்னு கேக்கறாரு."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "மூஞ்சிக்கு நேரா நின்னு பேசாத மாப்பிள்ளைங்களை, நான் எப்படி அம்மணி ஒதைக்கறது?"

"மூஞ்சிக்கு நேரா ஆரு ஒதைக்கச் சொன்னா? முதுகுலதான."

"அதுக்காக? நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க? மாமியாக்காரி மாப்பிள்ளைய ஒதைச்சுப்போட்டான்னுதான் சொல்லுவாங்க. எதுக்கு ஒதைச்சான்னு ஆரு கேப்பாங்க?"

பேச்சு ஒரு வாரம் இழுத்தது. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். "நடுவால ஒரு வேட்டியக் கட்டிப்போடலாம். அவரு அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். நீ பாட்டுக்கு வேட்டிய ஒதை. பொறத்தால ஆரு நின்னா உனக்கென்ன?"

அம்மா யோசித்தாள். "வேட்டி ஆரோடது?"

"அவரோடதுதான்."

"மாப்பிள்ளைங்க வேட்டிய எப்படி ஒதைக்கறது?"

கடைசியில் என் ஜமுக்காளத்தைக் கட்டுவது என்று முடிவாயிற்று. நாளும் குறித்தார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை மச்சானிடம் எடுத்துச் சொன்னேன்.

"டாக்டரு என்ன சொன்னாரு? அடி படக் கூடாதுன்னாரு. அடி வேறங்க, ஒதை வேறங்க, பேப்பர்காரரே," என்றார்.

அக்காவிடம் சொன்னேன். கால் போய்விடும் என்ற பேச்சே வீட்டில் கூடாது என்றாள். ஒத்தக்கால்மண்டபம் என்ற ஊர்ப் பெயரையே அவள் சொல்வதை விட்டிருந்தாள். "அந்த மண்டபம்" என்றுதான் சொல்லுவாள்.

அந்த வாரம்தான் எங்கள் பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்தது. ரயிலடிப் பக்கம் ஒரு லாட்ஜின் மாடியில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவர் அறை எடுத்திருந்தார். பாலக்காட்டுக்காரர். மருந்தில்லாமல், கத்தியில்லாமல், முதுகெலும்பைக் கையாலேயே சரிப்படுத்துகிற வைத்தியம். அதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை அவர் தமிழில் "கைரோபிராக்டர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் புரூப் ரீடர் தமிழில் இல்லாத சொல்லை அச்சுக்கு விடமாட்டார். அதை ஒரு விரதம் மாதிரி வைத்திருந்தார்.

"கைரோன்னா என்னங்க?" என்று ஆபீஸில் எல்லோரையும் கேட்டார்.

"எகிப்துல ஒரு ஊருங்க," என்றார் செய்தி மொழிபெயர்ப்பாளர்.

"அது கெய்ரோங்க. எகிப்துக்கும் இடுப்பு வலிக்கும் என்னங்க சம்பந்தம்?"

மறுநாள் பத்திரிகையில் கட்டம் கட்டி இப்படி வந்தது: "கைரேகை டாக்டர். முதுகு வலி, இடுப்பு வலி, கழுத்து வலி, கையாலேயே குணமாகும்."

விளம்பரம் கொடுத்தவர் மத்தியானம் ஆபீஸுக்கு வந்தார். சண்டை போட வருகிறார் என்று நினைத்துப் புரூப் ரீடர் பின்கட்டுக்குப் போய்விட்டார். மறுநாளே திருத்தம் போட்டுவிடுகிறோம் என்று நான் சொன்னேன்.

"வேண்டாம்," என்றார் அவர். "வந்து இத்தனை நாளாச்சு. இந்த ஊரில் ஒருத்தர் கூட மாடி ஏறி வரவில்லை. இன்றைக்குக் காலையில் படிக்கட்டு வரைக்கும் ஆள். எல்லோரும் கையை நீட்டுகிறார்கள். பிடித்து அப்படியே மேசையில் கவிழ்த்துப் படுக்க வைத்துவிடுகிறேன். பாதிப் பேருக்கு நிஜமாகவே முதுகு வலி இருக்கிறது."

"மத்தவங்க?"

"பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறேன். நல்ல மனுஷர், பொய் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்."

சனிக்கிழமை அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். மாப்பிள்ளையை உதைக்கலாமா கூடாதா என்று கைரேகை பார்த்துக் கேட்டுவிடலாம் என்றதும் அவளே புறப்பட்டுவிட்டாள். எக்ஸ்ரே படத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

அறையில் தோல் தைத்த ஒரு நீள மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். சுவரில் மனித முதுகெலும்பின் படம் ஒன்று தொங்கியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாம்புங்களா?" என்றாள்.

"முதுகெலும்பு அம்மா," என்றார் வைத்தியர்.

"ஆரோடதுங்க?"

"எல்லோரோடதும் அப்படித்தான்."

அம்மா வலது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பழகிப்போனவர்போல் அந்தக் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் எக்ஸ்ரேயைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு நடக்கப்போவதையும் சொன்னேன். அவர் மறு கையால் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். படத்தைப் பார்க்கப் பார்க்க அம்மாவின் கையைப் பிடித்த பிடி இறுகியது.

"இது உடைந்து கூடின எலும்பு," என்றார். "அசையாமல் இறுகிப்போன இடத்தை அசைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. இது அசையவே கூடாத இடம். நானே இதில் கை வைக்க மாட்டேன். கால் வைத்தால் அந்த மனுஷர் அப்புறம் எழுந்திருக்க மாட்டார். யார் உதைக்கப் போகிறார்கள்?"

அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அது என்ற கையிலயே எழுதியிருக்குதுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ரயிலடியில் ஒரு எஞ்சின் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

"எழுதியிருக்கிறதம்மா," என்றார்.

"எந்தக் கோடுங்க?"

அவர் சற்றுத் தயங்கி, கட்டை விரலுக்குக் கீழே வளைந்து போகிற கோட்டைக் காட்டினார். அம்மா அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். படி இறங்கும்போது, "எத்தனை பேரை ஒதைச்சிருப்பேன். ஒருத்தனாச்சும் கையப் பாருன்னு சொன்னானா," என்றாள்.

ஜமுக்காளம் என்னிடம் திரும்பி வந்தது. மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை. டாக்டர் சொன்னதாக இருந்தால் வாதாடியிருப்பார். "அத்தைங்க கையிலயே இருந்தா நாம என்னங்க பண்றது," என்றார். அடுத்த வாரம் தானே மாடி ஏறிப் போய்க் கையை நீட்டினார். அந்த மனிதர் கையைப் பார்க்கவில்லை. நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், எழச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முகத்தை மட்டும் பார்த்தார். வலிக்கிறதா என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. பிறகு தரையில் தானே கவிழ்ந்து படுத்து, கையை ஊன்றித் தலையையும் மார்பையும் மெல்லத் தூக்கிக் காட்டினார். தினமும் காலையில் இது, பிறகு நடை. சீட்டில் முதுகுக்குப் பின்னால் உருட்டிய துண்டு. இறங்கும்போது குதிக்கக் கூடாது. உடம்பை முழுசாகத் திருப்பி, வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏணியில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். ஆயுசு முழுக்க.

"வைத்தியம்னு ஒன்னும் பண்ணலீங்களே," என்றார் மச்சான் திரும்பி வரும்போது. "படுத்துக் காட்டுனதுக்கா பீஸு?"

வீட்டுக்குள் இடம் போதாததால் அக்கா வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் பாய் போட்டுப் பயிற்சி செய்தார். முதல் நாளே வழியோடு போன ஒருவர் நின்றுவிட்டார்.

"ஏனுங்க டிரைவரே, கவுந்து படுத்து என்னமோ தேடறீங்களாட்ட இருக்குது?"

மச்சான் வெட்கப்பட்டார். உடற்பயிற்சி என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க, ஒரு நட்டு விழுந்துபோச்சுங்க," என்றார்.

வந்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தானும் மண்டி போட்டுத் தேடினார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார், கூட இன்னொருவரை அழைத்துக்கொண்டு. "இன்னுங் கெடைக்கலீங்களா?" மூன்றாம் நாள் மரத்தடியில் சருகெல்லாம் கூட்டியாயிற்று. வார முடிவில் சைக்கிள் கடைக்காரர் ஒரு டப்பா நிறைய நட்டுகளைக் கொண்டு வந்து, "இதுல எது சேருதுன்னு பாத்து எடுத்துக்குங்க. உங்களை இப்பிடித் தெனமும் மண்ணுல பாக்க முடியலீங்க," என்றார். மச்சான் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு பாயை வீட்டுப் பின்னால் எருமைக் கொட்டகைப் பக்கம் போட்டார்கள். அங்கே எருமை ஒன்றும் கேட்கவில்லை.

கொக்கி போட்டு இழுப்பது குறைந்தது. முழுவதும் போகவில்லை. கூரையைப் பார்ப்பது நின்றது.

முதலாளி சொன்ன நாள் வந்தது. அன்று அக்கா வீட்டுக்குப் போக அம்மாவும் நானும் அதே வண்டியில் போக வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டி என்றால் அம்மா ஏறமாட்டாள். அதனால் அவளிடம் நான் சொல்லவில்லை. பெண்கள் சீட்டு முன்னால், டிரைவருக்கு நேர் பின்னால் இருந்தது. உக்கடத்தில் குளத்தோரம் நிறுத்தியிருந்தபோதே அவளை ஏற்றி உட்கார வைத்தேன். மச்சான் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். ஏணியில் ஏறுவதுபோல்தான் ஏறினார். உருட்டிய துண்டை முதுகுக்கு வைத்தார். அம்மா பிடரியை அடையாளம் கண்டுகொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

முதலாளி எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும், "வலிக்குதுங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"சொல்லுங்க, பரவாயில்லீங்க."

"இல்லீங்க மொதலாளி."

ஈச்சனாரி தாண்டியதும் முதலாளி கேட்பதை நிறுத்திவிட்டார். வாயால் இந்த ஆளிடம் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. எதிரே வந்த பருத்தி வண்டிகளுக்கு ஒதுங்கியபோது சக்கரம் இரண்டு பக்கமும் சுத்தமாகத் திரும்பியது. மச்சானின் கழுத்தில் மட்டும் வியர்வை இறங்கியது.

கிணத்துக்கடவில் நிறுத்தியதும் முதலாளி இறங்கி, சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து டிரைவர் கதவுக்கு நேரே வெயிலில் நின்றார். முதுகு கெட்ட டிரைவரை இறங்குகிறபோதுதான் கண்டுபிடிக்க முடியும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

"எறங்குங்க டிரைவரே, ஒரு காப்பி சாப்பிடலாம்."

"நீங்க சாப்பிடுங்க மொதலாளி. எனக்கு வேண்டாங்க."

"டீயாச்சும்?"

"இங்கயே குடுத்துருவாங்க."

சொன்னபடி டீ ஜன்னலுக்கே வந்தது. மச்சான் குடித்தார். முதலாளி நின்றார். மற்ற டிரைவர்களைப் போல் குதிக்காமல் கம்பியைப் பிடித்து இறங்குவதைப் பார்த்தால் சீட்டுப் போய்விடும் என்று மச்சானுக்குப் பயம். குதித்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். வண்டியைப் பொள்ளாச்சிக்கு எடுத்துவிட்டால் முதலாளி கிணத்துக்கடவிலேயே நின்றுவிடுவார் என்று நினைத்திருப்பார்.

ஆனால் வண்டி புறப்பட முடியவில்லை, அம்மா இறங்கவில்லை. முன்வாசல் டிரைவர் சீட்டுக்கு நேர் இடப்பக்கம் இருந்தது. அதில் இறங்கினால் மாப்பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் நடந்து போக வேண்டும். பின்வாசலுக்குப் போகிற நடைவழி முழுக்க வாழைத்தார்.

"அம்மா, எறங்குங்க," என்றார் கண்டக்டர்.

"மாப்பிள்ளைங்க மொதல்ல எறங்கட்டும் சாமி."

"டிரைவரு எறங்கமாட்டாருங்க, அவரு உடுமலைப்பேட்டை போறவரு."

"அப்ப நானும் உடுமலைப்பேட்டைக்கே வாரேன்."

வண்டிக்குள் இருந்தவர்கள் மரியாதையாகச் சலித்துக்கொண்டார்கள். "பொளுது போகுதுங்களே." "சந்தைக்குப் போகோணுங்க." பின்சீட்டிலிருந்து ஒருவர், "ஏனுங்க டிரைவரே, மாமியாரைக் கண்டா எந்திரிச்சு நிக்கறது இப்பெல்லாம் இல்லீங்களா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

மச்சான் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனால் காது சிவந்தது. டீ கிளாஸை ஜன்னலில் கொடுத்தார். கதவைத் திறந்தார். குதிக்கவில்லை. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, உடம்பை முழுசாகத் திருப்பி, வண்டிக்கு முகம் காட்டி, முதலாளிக்கு முதுகு காட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கினார். பிறகு எங்கள் பக்கம் பார்க்காமல் புளியமரத்தைப் பார்த்தபடி நேராக நின்றார். அம்மா இறங்கிப் போனாள்.

முதலாளி கிட்டே வந்தார்.

"இப்பிடித்தான் எறங்குவீங்களா?"

"இனிமே இப்பிடித்தானுங்க."

"தெனமும்?"

"ஆயுசுக்கும்னு சொன்னாங்க."

"வலிக்குதுங்களா?"

 மச்சான் அக்கா வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"கொஞ்சம் வலிக்குதுங்க," என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முதலாளி தலையை ஆட்டினார். "இப்பத்தானுங்க எனக்கு நம்பிக்கை வந்துது," என்றார். தெலுங்கில் இன்னும் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. கோபமாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை உடுமலைப்பேட்டைக்கு முதல் வண்டியை மச்சான் எடுத்தார். அன்று கோயமுத்தூருக்குத் திரும்ப வேண்டியிருந்த அம்மா, அவர் வண்டி திரும்பி வந்து போகட்டும் என்று கிணத்துக்கடவில் காத்திருந்து அடுத்த வண்டியில் ஏறினாள்.